கண் காட்டும் எச்சரிக்கை



"கண்தான் நன்றாகத் தெரிகிறதே, பிறகு எதற்குச் சோதனை?" இனிப்பு நீர் உள்ள தோட்டத்துப் பெரியவர்கள் பலர் நம்மிடம் இப்படிக் கேட்பதுண்டு. மலேசிய இந்தியர்களில் வயது வந்தோர் 10 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு இந்நோய் உண்டென 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வு கண்டது.

இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைந்து கசியும். உடலை அறுக்காமலே மருத்துவர் அவற்றை நேரில் காணத்தக்க இடம், கண்ணின் உட்புறமுள்ள விழித்திரை. அங்கே பழுது தெரிந்தால், இதயத்தின் குழாய்களும் கெட்டுக்கொண்டிருக்கலாம். விழித்திரை கெடாத நோயாளிகளைவிட, கெட்டவர்கள் இதய நோயால் இறக்கும் அபாயம் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

தொடக்கத்தில் வலியும் இராது, பார்வையும் மங்காது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பழுது இருப்பதாகச் சொன்னால், கண்ணோடு நின்றுவிடாமல் இரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சுருட்டை விடுங்கள், மருந்தை விடாதீர்கள்.

பிள்ளைகளே, தாத்தா பாட்டியின் கிளினிக் அட்டையில் உள்ள தேதியை இன்றே படித்துச் சொல்லுங்கள்.