பிள்ளைகள் பிரிந்து சென்ற இல்லத்தில் மூளை நலம்

பிள்ளைகள் கல்வி கற்று, உத்தியோகத்தின் பொருட்டு வேறு நகரங்களுக்கோ அயல்நாடுகளுக்கோ சென்றுவிட, பெற்றோர் மட்டுமே தங்கியுள்ள இல்லங்கள் நம் நாட்டில் பல உள்ளன. அங்கே சமையல் சுருங்குகிறது, பேச்சு குறைகிறது, வெளியே செல்லும் காரணங்களும் ஒவ்வொன்றாக மறைகின்றன. இதனை மனத்துயர் சம்பந்தப்பட்ட விஷயமாகவே பலர் கருதுகின்றனர். மூளையின் ஆரோக்கியத்திற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதை ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டுகின்றன.

முதுமையில் ஞாபகசக்தியை அழிக்கும் நோய்களுள் முதன்மையானது அல்ஜைமர் நோய். 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்ஜைமர் இதனை முதன்முதலில் விவரித்தார். இந்நோயில் அமிலாய்டு என்னும் புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே படிகிறது. டௌ என்னும் புரதம் அணுக்களினுள்ளே முடிச்சுகளாகத் திரள்கிறது. நாளடைவில் அணுக்கள் மடிகின்றன. மறதி வெளிப்படுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்னதாகவே இம்மாறுதல்கள் தொடங்கிவிடக்கூடும். ஆகவே, எழுபத்தைந்தாம் வயதில் தோன்றும் நோய்க்கு வித்து, பிள்ளைகள் பிரிந்து செல்லும் ஐம்பத்தைந்தாம் வயதிலேயே ஊன்றப்பட்டிருக்கலாம். தடுப்பு முயற்சிக்கு உரிய காலமும் அதுவே.

2023-இல் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 7.4 சதவிகிதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கு ஆளாகியுள்ளனர். அதன் மிகப் பரவலான வகையே அல்ஜைமர். வயதையும் பரம்பரையையும் மாற்ற இயலாது. எனினும், ‘லான்செட்’ மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் திருத்தக்கூடிய 14 காரணங்களைக் குறிப்பிட்டு, அவற்றை நீக்கினால் உலகில் ஏறத்தாழ 45 சதவிகித மறதிநோயைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் எனக் கணித்துள்ளது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை முதலியவற்றுடன் தனிமை, மனச்சோர்வு, செவிக்குறைபாடு, பார்வைக்குறைபாடு ஆகியனவும் அவற்றுள் அடங்கும்.

உரையாடல் எளிய செயலாகத் தோன்றினும், கேட்டல், பொருளுணர்தல், நினைவுகூர்தல், தக்க சொல்லைத் தேர்தல் ஆகிய பல பணிகளை அப்போது மூளை ஒருங்கே ஆற்றுகிறது. ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவர்தம் குழுவினரும் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் பேசுவோரைக் காட்டிலும், ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசுவோரிடம் நோய் சுமார் 4½ ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியது. எழுத்தறியாதவரிடையேயும் இவ்வேற்றுமை காணப்பட்டது.

இருவர் மட்டுமே வாழும் வீட்டில் செவிக்குறைபாடு எளிதில் புலப்படுவதில்லை. தொலைக்காட்சியின் ஒலி கூட்டப்படுகிறது, பேச்சோ குறைக்கப்படுகிறது. செவியைச் சோதித்து, தேவையாயின் கேட்கும் கருவி அணிந்துகொள்ளுதல் நலம். நாள்தோறும் நடத்தல், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், அண்டை அயலாருடன் பழகுதல், புதியதொரு மொழியோ கலையோ பயிலுதல் ஆகியவை பெருஞ்செலவின்றி மேற்கொள்ளத்தக்கவை. இவற்றால் நோய் வராது என்று உறுதி கூற இயலாது. அதன் வாய்ப்பைக் குறைக்கலாம்.

தொலைவிலுள்ள பிள்ளைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. தொலைபேசியில் தாயோ தந்தையோ கேட்ட கேள்வியையே மீண்டும் மீண்டும் கேட்பாராயின், அதனை முதுமையின் இயல்பெனத் தள்ளிவிடலாகாது. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகியவற்றாலும் மறதி உண்டாகலாம்; இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே செய்யத்தக்கது.