பழைய ஊர்தியின் வானொலி

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை, பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து தாம்பரத்தை அடைகின்றது. அதற்கும் தெற்கே, பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை முன்னர் இயங்கிவந்தது. 1948ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிறுவனம் வான்கார்டு, பென்னன்ட், ஹெரால்டு முதலிய மோட்டார் வண்டிகளை உருவாக்கியது. அத்தொழிற்சாலை மறைந்து பல்லாண்டுகள் ஆயின. எனினும் அங்குப் பிறந்த வண்டிகளுட் சில, ஆர்வலர்களின் இல்லங்களில் இன்றும் பேணப்படுகின்றன. அத்தகைய பழைய வண்டிகள் சிலவற்றின் முகப்புப் பலகையில், இரு திருகுகளும் எண்கள் பொறித்த கண்ணாடியும் கொண்ட வானொலிப் பெட்டி அமைந்திருக்கும். வண்டி ஓடும், பெட்டியோ பேசாது. அதனைப் பேசச் செய்வது எங்ஙனம்? பழைய உறுப்புகளைக் காத்துப் பேசச் செய்வதா, அவற்றை அகற்றிப் புதியன புகுத்துவதா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, அப்பெட்டியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

சென்னைக்கு வானொலி புதியதன்று. சென்னை மாகாண வானொலிச் சங்கம் 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் அது 1927இல் நின்றது. பின்னர், 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிறந்தது. வீட்டில் கேட்ட ஒலியை வழிப்பயணத்திலும் கேட்க மக்கள் விழைந்தனர். அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 1930ஆம் ஆண்டில் மோட்டோரோலா என்னும் பெயரால் வண்டி வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

வீட்டு வானொலியை அப்படியே வண்டியில் வைத்துவிட இயலாது. அதற்குத் தடைகள் இரண்டு இருந்தன. முதலாவது மின்னழுத்தம். அக்கால வானொலியின் உயிர்நிலை வால்வு எனப்படும் வெற்றிடக் குழலாகும். அது நன்கு தொழிற்பட ஏறத்தாழ 200 வோல்ட்டு வேண்டும். வண்டியின் பாட்டரியோ 6 அல்லது 12 வோல்ட்டுதான் தரும். மின்மாற்றியைக் கொண்டு அழுத்தத்தை உயர்த்தலாமே எனின், மின்மாற்றி மாறும் மின்னோட்டத்திற்கே இசையும். பாட்டரியின் ஓட்டமோ மாறாதது. மணியின் நாவை அதன் உடலோடு எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் ஓசை எழுவதில்லை. விட்டுவிட்டு அடித்தால்தான் எழும். மின்மாற்றியின் தன்மையும் அத்தகையதே.

ஆதலின், வைப்ரேட்டர் என்னும் அதிர்வியை அறிஞர் அமைத்தனர். அதனுள் இருக்கும் மெல்லிய எஃகு நாக்கு ஒரு நொடிக்கு ஏறக்குறைய 100 முறை அசைந்து மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக்கும். துண்டுபட்ட ஓட்டத்தை மின்மாற்றி உயர்த்தும். உயர்ந்ததைத் திருத்தி மீண்டும் ஒரே திசையில் செலுத்தி, மின்தேக்கிகளால் சீராக்கி வால்வுகளுக்கு ஊட்டுவர். பழைய வண்டியின் வானொலியைத் திருகியவுடன் எழும் மெல்லிய இரைச்சல் அந்நாக்கின் அசைவொலியே.

இரண்டாவது தடை இரைச்சலாகும். எந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்கில் தீப்பொறி பறக்கின்றது. கம்பியில்லாத் தந்தியின் தொடக்க நாள்களில் மார்க்கோனி முதலியோர் அலைகளை எழுப்பியதும் தீப்பொறியைக் கொண்டே. எனவே, வண்டியின் ஒவ்வொரு பிளக்கும் அழையாமல் வந்த ஒலிபரப்பு நிலையம் போன்றதாகும். அதன் கடகடப்பை அடக்கப் பிளக்குக் கம்பியில் மின்தடையையும், சுருளிலும் மின்னாக்கியிலும் மின்தேக்கிகளையும் சேர்த்தனர். வானொலியை உலோகப் பெட்டியினுள் அடைத்தனர். தாம்பரம் வரை 1931ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடுகின்றது. இருப்புப்பாதையை ஒட்டிச் சாலையில் செல்லும்போது, மேற்கம்பியில் தெறிக்கும் பொறியும் கணநேரம் வானொலியிற் கேட்பதுண்டு.

1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் பார்டீன், பிராட்டன், ஷாக்லி ஆகிய மூவரின் முயற்சியால் டிரான்சிஸ்டர் தோன்றியது. அதற்குப் பன்னிரண்டு வோல்ட்டே போதும், அதிர்வியும் வேண்டுவதில்லை. எனவே, நாளடைவில் வண்டி வானொலிகளினின்று வால்வுகள் விடைபெற்றன.

இனி, ஊமையான பெட்டியைச் செப்பனிடும் முறையைக் காண்போம். நெடுங்காலம் உறங்கிய வானொலியை உடனே பாட்டரியோடு இணைத்துப் பார்ப்பது பெரும்பிழை. அதனுள் இருக்கும் மின்பகு மின்தேக்கிகள் காலப்போக்கில் உலர்ந்திருக்கும். காகிதத்தால் ஆனவை கடற்காற்றின் ஈரத்தை உண்டு கசியத் தொடங்கியிருக்கும். இந்நிலையில் மின்சாரம் பாய்ந்தால், எளிதிற் கிடைக்கும் மின்தேக்கியோடு, கிடைத்தற்கரிய மின்மாற்றியும் கருகிப்போகும். ஆகவே, தொழில் தேர்ந்தவர் முதலில் பெட்டியின் உள்ளமைப்பைப் படம் எடுத்துக்கொள்வர். பின்னர்த் தூசியைத் தூரிகையால் நீக்கி, கம்பிகளின் உறை வெடித்திருக்கின்றதா என்று நோக்குவர். பழுதுற்ற மின்தேக்கிகளை மாற்றி, அதிர்வியின் தொடுமுனைகளைத் துலக்கி, வால்வுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பர். அதன்பின்னரே மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுவர்.

வண்டியில் பொருத்துமுன் இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். பிரிட்டிஷ் அமைப்பைத் தழுவிய பழைய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்கால வண்டிகளில் எதிர்முனையே அவ்வாறு இணைக்கப்படுகின்றது. இதனை அறியாது முனைகளை மாற்றிக் கொடுத்தால், டிரான்சிஸ்டர் ஒரு நொடியில் அழியும். இறுதியாக, அவ்வண்டியின் ஏரியலைப் பொருத்தியபின், அதற்கேற்பப் பெட்டியின் சிறு திருகைத் திருப்பி இசைவிக்க வேண்டும். வால்வு வானொலியில், மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் மின்தேக்கிகளில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பயிற்சியில்லாதார் அதனைத் தொடுதல் உயிருக்கே ஊறாகும்.

உறுப்புகள் கிடைக்குமா என்னும் கவலையும் உண்டு. பழம்பொருள் தேடுவோரின் புகலிடமாக விளங்கிய மூர் மார்க்கெட்டு 1985ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. எனினும், மின்னணு உறுப்புகளுக்கு ரிச்சித் தெருவும், பழைய வண்டிகளின் உறுப்புகளுக்குப் புதுப்பேட்டையும் இன்றும் துணை நிற்கின்றன.

செப்பனிட்ட வானொலி எதைக் கேட்கும்? அது மத்திய அலைக்கென அமைந்தது. பழைய கண்ணாடிகளில் அலைநீளம் மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையைத் தேடுவோர், ஒளியின் வேகமாகிய நொடிக்கு 30 கோடி மீட்டரை 7,20,000ஆல் வகுத்தால், ஏறத்தாழ 417 மீட்டர் என விடை பெறலாம். ஆனால், இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய பண்பலை ஒலிபரப்பை அப்பெட்டி அறியாது. இன்று பாடல் கேட்போர் பெரிதும் நாடுவது பண்பலையையே. இக்காரணத்தால், பெட்டியின் உள்ளுறுப்புகளை முற்றிலும் அகற்றி, முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு, புதிய கருவியை உள்ளே பொருத்துவோர் உளர்.

இரு சாராரிடத்தும் நியாயம் உண்டு. கேட்கப் பயன்படாத வானொலி வெறும் அணியாகிவிடும் என்பர் ஒரு சாரார். உள்ளீடற்ற வானொலி வெறும் கூடேயாகும் என்பர் மற்றொரு சாரார். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: அகற்றி எறிந்த உறுப்பு மீண்டும் வாராது, அகற்றாது விட்டதை எப்பொழுது வேண்டுமாயினும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே, புதிய பண்பலைக் கருவியை இருக்கையின் அடியில் மறைவாக வைத்து, பழைய பெட்டியை ஊறு செய்யாது விடுதல் நன்று. பெட்டியினுள்ளேயே மாற்றம் செய்ய நேரின், கழற்றிய உறுப்புகளுக்குப் பெயர் எழுதிப் பாதுகாத்தல் வேண்டும்.

பெட்டியின் உள்ளமைப்பைக் கண்ணாற் கண்டு அறிதற்கு இடந்தருவன இத்தகைய பழைய கருவிகளே. அதிர்வி எது, மின்மாற்றி எது, வால்வு எது என்று ஒவ்வொன்றையும் சுட்டிக் காட்டலாம். இன்றைய கருவியில் அவை அனைத்தும் நகக்கண் அளவான ஒரு சில்லினுள் ஒடுங்கிவிட்டன. பழைய வானொலி ஒன்றைக் காப்பவர் பாடல் கேட்கும் பெட்டியை மட்டும் காப்பவர் அல்லர். அதனை ஆக்கிய அறிவையும், செப்பனிடும் கைத்திறனையும் அடுத்த தலைமுறைக்குச் சேர்ப்பவர் ஆவர்.