எடைக்குப் போட்டால் சில ஆயிரம். ஆள் தெரிந்தால் பல லட்சம்!
வெண்கலச் சிலையில் ஏமாறுவோர் இரண்டு ரகம்

திருச்சி, ஸ்ரீரங்கம் வாசகர்களே, உஷார்!

"சார், ஐம்பொன் சிலைங்க. ராஜராஜ சோழன் காலத்து அயிட்டம். ஃபாரின்ல பத்து கோடி போகும். உங்களுக்குன்னா அஞ்சு லட்சம்!"

டீக்கடை பெஞ்சோ, லாட்ஜ் அறையோ, இந்தப் பலே ஆசாமிகள் பேசும் வசனம் எங்கேயும் ஒன்றுதான். பணத்தைக் கொடுத்துவிட்டுத் துணியைப் பிரித்தால், உள்ளே போன மாதம் வார்த்து, ஆசிட் தடவி, மண்ணில் புதைத்துப் பச்சை ஏற்றிய பித்தளைப் பொம்மை. புகார் கொடுக்கவும் தைரியம் வராது. "திருட்டுச் சிலைன்னு தெரிஞ்சுதானே வாங்கப் போனே?" என்ற கேள்வி முதலில் வாங்கியவர் மேலேயே பாயும்.

இது முதல் ரகம். இரண்டாவது ரகம் சத்தமே இல்லாமல் நடக்கிறது. தாத்தா மெட்ராஸில் வேலை பார்த்தபோது யாரோ ஓவியப் பள்ளிக்காரர் கொடுத்த வெண்கல உருவம் பரணில் கிடக்கும். வீடு காலி செய்யும்போது, "மூக்கும் முழியும் சரியாவே இல்லையே" என்று பழைய பாத்திரக்காரர் தராசில் ஏற்றிவிடுகிறார்கள். போனது எத்தனை லட்சமோ, யாருக்கும் தெரியாது.

வயசு மட்டும் விலை இல்லை!

சிலை என்றால் சோழன் காலம், சோழன் காலம் என்றால் கோடி. இதுதான் நம்மவர் கணக்கு. இது தப்புக் கணக்கு.

ஸ்விட்சர்லாந்து சிற்பி ஜியாகோமெட்டி 1947-ல் செய்த, விரல் நீட்டி நிற்கும் ஒல்லி மனிதர் சிலை 2015-ம் ஆண்டு நியூயார்க் ஏலத்தில் 14 கோடி டாலருக்கு மேல் போனது. நமக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷத்துச் சிலை! அதில் தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. வெறும் வெண்கலம்.

நம் நாட்டிலும் உண்டு. கல்கத்தாவின் மீரா முகர்ஜி, பஸ்தார் பழங்குடிகளிடம் வார்ப்பு வேலை கற்றவர். அவர் வெண்கலங்கள் ஏலத்தில் கோடிகளைத் தொட்டிருக்கின்றன. மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை, சென்னை ஓவியப் பள்ளி முதல்வராக இருந்த ராய் சௌத்ரி செய்தது. அதே பள்ளியில் முதல்வராக இருந்த தனபால் வெண்கலத்தில் வார்த்தார். சோழமண்டலம் ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து வளைத்தே உருவம் செய்தார். இவர்கள் கைவேலையை எடைக்கல்லால் அளக்க முடியாது.

அடியைத் திருப்புங்கள்

நிபுணர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, அடிப்பாகத்தைத்தான் பார்க்கிறார்கள். நவீன சிற்பி பெரும்பாலும் பீடத்திலோ காலடியிலோ கையெழுத்தும் வருஷமும் கீறியிருப்பார். 2/6 என்பது போல எண் இருந்தால், ஆறு பிரதி வார்த்ததில் இது இரண்டாவது என்று அர்த்தம். ஜியாகோமெட்டி சிலையும் அப்படி ஆறு பிரதி வார்த்ததுதான். பிரதி குறைந்தால் விலை ஏறும்.

அடுத்து, காந்தம். வெண்கலத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டவில்லை என்பதாலேயே வெண்கலம் என்றும் சொல்லிவிட முடியாது. துத்தநாகப் பொம்மையிலும் காந்தம் ஒட்டாது. பீடத்தின் அடியில் பழைய கீறல் இருந்தால் பாருங்கள். சாம்பல் வெள்ளை தெரிந்தால் மலிவுச் சரக்கு. சிவப்பும் மஞ்சளும் கலந்து தெரிந்தால் செம்புக் கலவை.

தூக்கியும் பார்க்கலாம். கோயில் உற்சவர் உள்ளே கெட்டியாக வார்த்தது. கனக்கும். நவீன சிலை பெரும்பாலும் உள்ளே கூடு.

ஒரு முக்கிய எச்சரிக்கை. தயவு செய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! குத்துவிளக்குக்குப் புளி சரி. சிற்பி வேண்டுமென்றே கொடுத்த கருநிறமும் காலம் கொடுத்த பச்சையும் போனால், விலையில் பாதியும் அதோடு போய்விடும்.

"ஐம்பொன்" என்ற பேச்சுக்கும் மயங்க வேண்டாம். சிலையில் பொன் பெயரளவுக்குத்தான். செம்பே பெரும்பங்கு.

கோயிலையே ஏமாற்றிய போலி

1950-கள் சமாச்சாரம் இன்னொன்றும் உண்டு. கும்பகோணம் பக்கம் சிவபுரத்தில் 1951-ல் பூமிக்கடியில் கிடைத்த நடராஜர், 1954-ல் பழுது பார்க்க ஸ்தபதியிடம் போனார். திரும்பி வந்தது புதுசாக வார்த்த நகல்! ஊரே அதைக் கும்பிட்டது. அசல் பம்பாயில் இருக்கிறது என்பதை 1965-ல் பிரிட்டிஷ் மியூசியம் நிபுணர் டக்ளஸ் பாரெட் எழுதிய பிறகுதான் விஷயம் வெடித்தது. அமெரிக்கக் கோடீஸ்வரர் நார்ட்டன் சைமன் அதை 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். வழக்குப் போட்ட பின்னரே நடராஜர் நாடு திரும்பினார்.

ஸ்ரீரங்கத்துக்கு மதில் கட்டியவர் என்று ஊரார் போற்றும் திருமங்கையாழ்வாருக்கும் இதே கதி. கும்பகோணம் அருகே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் அவர் சிலையை 1957-ல் படம் எடுத்திருக்கிறார்கள். 1967-ல் அதே சிலையை ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் மியூசியம் லண்டன் ஏலத்தில் வாங்கியிருக்கிறது. கோயிலில் நின்றது நகல். சிலையைத் திருப்பித் தர 2024 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் சம்மதித்தது.

அரியலூர் ஸ்ரீபுரந்தான் நடராஜரையும் பழைய போட்டோதான் மீட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துப் படத்தோடு ஒத்துப் பார்த்தார்கள்; 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்தார். கடத்திய சுபாஷ் கபூருக்கு 2022 நவம்பர் 1-ம் தேதி கும்பகோணம் கோர்ட்டு 10 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது.

ஆகவே வாசகர்களே, காகிதமும் போட்டோவும்தான் சிலைக்குச் சாட்சி. வாங்கிய ரசீது, சிற்பி எழுதிய கடிதம், கண்காட்சி நோட்டீஸ், கூடத்தில் சிலையோடு எடுத்த குடும்பப் படம் எதையும் குப்பையில் போடாதீர்கள்.

சட்டம் தெரியுமா?

1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷம் ஆன சிலை தொல்பொருள். அதைப் பதிவு செய்ய வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. 1950-களின் சிலைக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் ஏர்போர்ட்டில் சந்தேகம் வந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைக் காட்டியாக வேண்டும். அதைத் தருவது மத்திய தொல்லியல் துறை. அதற்குத் திருச்சி வட்டம் 2020-ல் தனியாக ஏற்பட்டிருக்கிறது.

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது சிலை கிடைத்தால்? 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மறைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தால், ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் வெண்கலங்களைப் பாருங்கள். நல்ல வேலை எது என்று கண் பழகும். விற்பதானால், ஏல நிறுவனத்தார் இரண்டு பேரிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். ஒருவர் சொல்லும் விலைக்குத் தலையாட்டாதீர்கள்.

"அஞ்சு லட்சம்" ஆசாமி வந்தால்? "எங்க சார் வாங்கினீங்க, ரசீதைக் காட்டுங்க" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்!