பாட்டால் திரட்டிய மீனாட்சி அம்மாள்

கந்தப்பளை மலையில் கொழுந்தெடுக்கும் சகோதரிகளே, மீனாட்சி அம்மாளை அறிவீர்களா? தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார், பத்திரிகைப் பணியிலும் அவருக்குத் தோள் கொடுத்தவர்.

துரைமாரின் கெடுபிடி மிகுந்த காலம் அது. பெண் மேடையேறுவதே அபூர்வம். அம்மாளோ மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் உரிமைப் பாடல்களை எழுதி, தோட்டந்தோறும் பாடினார். பாட்டுக் கேட்க வந்தவர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 1940இல் அப்பாடல்கள் நூலாகவும் வந்தன.

1931இல் இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1936இல் நடேசய்யர் அட்டனிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். ஆனால் 1948 குடியுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது, வாக்கும் பறிபோனது. எஞ்சியோருக்கும் குடியுரிமை தர 2003இல்தான் சட்டம் வந்தது.

இன்றும் சங்கத்துக்குச் சந்தா கட்டுவோரில் பெண்கள் ஏராளம். தலைமையிலோ மிகச் சிலர். அடுத்த கூட்டத்தில் பின்வரிசையில் நில்லாமல், எழுந்து ஒரு வார்த்தை பேசுங்கள்.