பிரிட்டிஷ் பொதுத் தேர்தலும் ஊசற்றொகுதிகளும்

பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குப் பொதுத் தேர்தல் நிகழ்வதற்கு முன்னுள்ள சில வாரங்களில், அந்நாட்டிற் சில ஊர்களில் மக்கள் இருவர் மூவர் கூடுமிடமெல்லாம் ஒருவகைக் கணக்கு வழக்கு நடைபெறுவதுண்டு. எக்கட்சியின் கொள்கை சிறந்தது, எவர் தகுதியுடையார் என்பன அவ்வழக்கில் ஒரு கூறேயாம். ‘நம் தொகுதியில் வெல்லக்கூடியவர் யாவர்? அவரை எதிர்த்து நிற்போருள் இரண்டாமவர் யாவர்? நம் வாக்கு எங்கே விழுந்தாற் பயன்படும்?’ என்னும் வினாக்களே பெரும்பொழுதைக் கவர்ந்துகொள்கின்றன. சில ஊர்களில் என்று யாம் கூறியது கருதியே. ஏனைய ஊர்களில் இவ்வழக்குக்கு இடமே இல்லை. அவ்வேறுபாடு எதனால் உண்டாயிற்று என்பதையும், சிறு வாக்கு வேறுபாட்டால் முடிந்த தேர்தல்கள் சிலவற்றையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

காமன்ஸ் சபைக்கு உறுப்பினர் 650 பேர். நாடு 650 தொகுதிகளாகப் பகுக்கப்பட்டுத் தொகுதிக்கு ஒருவராக அவர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஏனையோரினும் ஒரு வாக்கேனும் மிகுதியாகப் பெற்றவர் வென்றவராவர். பாதிக்குமேற் பெறல் வேண்டுமென்னும் நியதி இல்லை. எனவே, அபேட்சகர் பலராயின் மிகக் குறைந்த பங்கு பெற்றவரும் வெற்றி மாலை சூடலாம். 2022-ஆம் ஆண்டிற் சில வாரங்கள் பிரதம மந்திரியாயிருந்த லிஸ் டிரஸ் அம்மையார், 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் தென்மேற்கு நார்போக் தொகுதியில் 630 வாக்கு வேறுபாட்டால் தோல்வியுற்றார். அவரை வென்ற தொழிற் கட்சியார் பெற்றது, அங்கே பதிவான வாக்குகளுள் நூற்றுக்கு 27-க்கும் குறைவே. அஃதாவது, வாக்களித்தோருள் நான்கில் மூவரளவினர் அவரை வேண்டாதிருந்தும் அவரே அத்தொகுதியின் பிரதிநிதி ஆயினர். இதிற் சட்டத்துக்கு மாறானது யாதொன்றும் இல்லை.

இம்முறையின் இயல்பை 1945-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள கேத்னஸ்-சதர்லாந்துத் தொகுதியில் நிகழ்ந்ததொன்று நன்கு விளக்கும். போர்க்காலத்தில் விமானத்துறை மந்திரியாயிருந்தவரும் லிபரல் கட்சியின் தலைவருமான ஸர் ஆர்ச்சிபால்டு சிங்கிளேர் அங்கே நின்றார். கன்ஸர்வேடிவ் கட்சியார் 5,564 வாக்கும், தொழிற் கட்சியார் 5,558 வாக்கும், சிங்கிளேர் 5,503 வாக்கும் பெற்றனர். முதல்வர்க்கும் மூன்றாமவர்க்கும் இடையே 61 வாக்கே வேறுபாடு. நாடெங்கும் அறியப்பட்ட தலைவர் ஒருவர், மும்முனைப் போட்டியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வாக்குப் பெற்றும் கடைசியில் நின்றுவிட்டார்!

வேறு சில தொகுதிகளிலோ ஒரே கட்சி தலைமுறை தலைமுறையாகப் பல்லாயிரம் வாக்கு வேறுபாட்டால் வென்று வருவதுண்டு. அவற்றை உறுதித் தொகுதிகள் என்பர். இருபாலும் சாயக்கூடியவற்றை ஆங்கிலர் ‘மார்ஜினல்’ என வழங்குவர். யாம் அவற்றை ஊசற்றொகுதிகள் என்போம். ஊசலாவது அங்கும் இங்குமாக ஆடுவது. கட்சித் தலைவர்கள் வந்து கைகுலுக்குவதும், தொண்டர்கள் வீடுதோறும் கதவு தட்டுவதும், துண்டுப் பிரசுரங்கள் நாடோறும் வந்து குவிவதும் ஊசற்றொகுதிகளிலேயே. உறுதித் தொகுதியில் வாழ்வானை எவரும் பொருட்படுத்துவதில்லை. வென்றவரும் தோற்றவரும் அவன் வாக்கை முன்னரே எண்ணி முடித்துவிட்டனர். ஒரே நாட்டுக் குடிகளாகிய இருவரிடையே, இருக்கும் தெரு பற்றி இத்துணை வேற்றுமை உண்டாதலை யாம் சிறு குறையென்று எண்ணுகின்றிலம்.

ஊசற்றொகுதியிலுள்ளார்க்கும் துன்பம் இல்லாமலில்லை. அவர் துன்பம் வேறு வகையினது. இலண்டன் மாநகரின் கென்ஸிங்டன் தொகுதியை எடுத்துக்கொள்வோம். செல்வர் மாளிகைகளும் எளியோர் அடுக்கு வீடுகளும் அருகருகே அமைந்த பகுதி அது. அத்தொகுதி உண்டான நாள்முதற் கன்ஸர்வேடிவ் கட்சியார்க்கே உரியதாயிருந்தது. 2017-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் நடந்த தேர்தலில், எண்ணியவர்கள் களைத்துப்போகப் பன்முறை எண்ணப்பட்டு, மறுநாள் இரவிற்றான் முடிவு வெளிவந்தது. தொழிற் கட்சியைச் சேர்ந்த எம்மா டெண்டு கோட் அம்மையார் 20 வாக்கு வேறுபாட்டால் வென்றனர். சில நாட்களுக்குள், ஜூன் 14-ஆம் நாள், அத்தொகுதியிலுள்ள கிரென்பெல் அடுக்கு மாளிகை தீப்பற்றி எரிந்து 72 உயிர்கள் மாண்டன. அத்துயரில் மக்கட்காகப் பேசவேண்டிய பொறுப்பு, இருபது வாக்கால் வென்ற அவ்வம்மையார்பாலே வந்து வீழ்ந்தது.

அடுத்த தேர்தல் 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. ஐரோப்பியக் கூட்டமைப்பிலிருந்து நாடு விலகுவதா என்பதே அப்போது பெருவழக்கு. கென்ஸிங்டனில் விலகுதலை விரும்பாதார் மிகப் பலர். ஆனால் அவர்முன் இருவர் நின்றனர்: ஒருவர் முன்கூறிய டெண்டு கோட் அம்மையார், மற்றவர், கன்ஸர்வேடிவ் கட்சியினின்று நீங்கி லிபரல் டெமாக்ரட் கட்சியிற் சேர்ந்த சாம் ஜிமா. ‘எம்மவரே இரண்டாமவர், எமக்கே வாக்களிமின்’ என்று இரு திறத்தாரும் கூறினர். எதனை நம்புவது? ஒரே கருத்துடைய அண்டை வீட்டார் இருவர், இக்கணக்கிற் பிரிந்து தம்முள் வழக்கிட நேர்ந்தது. முடிவில், கன்ஸர்வேடிவ் அபேட்சகர் 150 வாக்கு வேறுபாட்டால் வென்றார். ஜிமா பெற்றவை 9,000-க்கு மேல். அவற்றுள் 151 வாக்கு டெண்டு கோட் அம்மையார்க்குச் சென்றிருப்பின் முடிவு மாறியிருக்கும். எனினும், ஜிமாவுக்கு வாக்களித்தோர் பிழைசெய்தார் என்று யாம் சொல்லத் துணியோம். அவருள் தொழிற் கட்சியை உள்ளபடியே விரும்பாதார் பலரிருத்தல் கூடும். ஒருவன் விரும்பாதவர்க்கு வாக்களித்திலன் என்பது பற்றி அவனைக் குறைகூறுவது யாங்ஙனம்?

இவ்விடத்தே எழும் வழக்கு இரு கருத்துக்களுக்கிடைப்பட்டது. ‘நாம் யாரை உளமார நம்புகின்றோமோ அவர்க்கே வாக்களித்தல் வேண்டும், அவர் தோற்பினும் நம் எண்ணிக்கை பதிவாகி, அடுத்த முறை துணைபுரியும்’ என்பர் ஒரு சாரார். ‘நாம் அஞ்சுகின்றவர் வாராமற் காத்தலே முதற் கடன், ஆதலின் அவரை வெல்லத்தக்கவர் யாவராயினும் அவர்க்கு வாக்களித்தல் வேண்டும்’ என்பர் மற்றொரு சாரார். இவருள் எவரையும் யாம் இழித்துரையோம். முன்னவர்பால் உண்மையும் பின்னவர்பால் முன்னறிவும் உளது. யாம் இழித்துரைக்கக் கருதுவது துண்டுப் பிரசுரங்களின் கோலத்தையே. அவற்றிற் கட்சிகளின் வலிமை கட்டக் கோடுகளாக வரைந்து காட்டப்படும். கோடுகளின் உயரம் பல வேளைகளில் எண்களோடு ஒவ்வாது. எத்தேர்தலின் எண்கள் என்பதும் சிற்றெழுத்தில் மறைந்து கிடக்கும். உள்ளூராட்சித் தேர்தலில் இரண்டாம் இடம் பெற்றதைப் பார்லிமெண்டுத் தேர்தலிற் பெற்றதுபோலக் காட்டுவதும் உண்டு. பொறுமையுள்ள வாக்காளர் கண்ணாடி அணிந்து அச்சிற்றெழுத்தைப் படிப்பாராக!

2024-ஆம் ஆண்டில் இக்குழப்பம் இன்னும் மிகுந்தது. தொகுதிகளின் எல்லைகள் புதிதாக வரையப்பட்டமையே காரணம். தீவுகளைச் சார்ந்த ஐந்து தொகுதிகள் நீங்கலாக ஏனையவெல்லாம் 69,724 முதல் 77,062 வரை வாக்காளர் உடையனவாதல் வேண்டுமென விதிக்கப்பட்டது. அதனாற் பல தொகுதிகள் வெட்டியும் ஒட்டியும் அமைக்கப்பட்டன. முன்னைத் தேர்தலின் முடிவு புதிய எல்லைக்குப் பொருந்தாமையின், ‘இவ்வெல்லை அன்றே இருந்திருப்பின் முடிவு என்னாகியிருக்கும்’ என்று அறிஞர் கணித்த ஊகக் கணக்கையே மக்கள் கைக்கொண்டு வழக்கிட்டனர்.

இவ்வழக்குக்கு மெய்யான களம் அபேட்சகர் எல்லாரும் ஒருங்கிருந்து வினாக்களுக்கு விடை கூறும் கூட்டமாகும். ஆங்கிலர் இதனை ‘ஹஸ்டிங்ஸ்’ என்பர். பல ஊர்களில் இது திருச்சபைகளின் மண்டபங்களில் நிகழ்கின்றது. முற்காலத்தில் அச்சொல், அபேட்சகர் பெயர் கூறப்பெற்று வாக்காளர் யாவரும் அறிய வாய்திறந்து வாக்களித்த மேடையைக் குறித்தது. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மறைமுக வாக்கு வந்தபின் அம்மேடை ஒழிந்து பெயர் மட்டும் நின்றது. அச்சட்டத்தின்படி முதன்முதல் தேர்தல் நடந்த ஊர் பாண்டிபிராக்ட். அங்கே வாக்குப் பெட்டிக்கு அரக்கு முத்திரையிட உதவியது, அவ்வூரில் அதிமதுர மிட்டாய் செய்யும் ஆலையின் முத்திரை என்ப! மறைவு வந்தமையின், கூட்டத்தில் ஒன்று பேசிச் சீட்டில் வேறொன்று குறிப்பாரும் உளர். அவரை அறிந்துகொள்ளும் வழி எவர்க்கும் இல்லை.

இனி வாக்கெண்ணுதல். 2017-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பைப் தொகுதியில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியார் 13,743 வாக்கும் லிபரல் டெமாக்ரட் கட்சியார் 13,741 வாக்கும் பெற்றனர். வென்றவர்க்கு வாக்களித்தோருள் ஒருவர் மாறியிருப்பின் இருவரும் சமமாவர். இருவர் மாறியிருப்பின் வெற்றியே மாறியிருக்கும். 2024-ஆம் ஆண்டில் ஹெண்டன் தொகுதி 15 வாக்காலும், பூல் தொகுதி 18 வாக்காலும், பாஸில்டன்-பில்லரிக்கே தொகுதி 20 வாக்காலும் முடிவாயின. இத்தகைய இடங்களில் அபேட்சகரோ அவர் முகவரோ மறுமுறை எண்ணும்படி வேண்டலாம். தேர்தலதிகாரி தக்கதென்று கண்டால் இசைவர். இருவர் சமமாயின் சீட்டுக் குலுக்கியேனும் வேறு வகையாலேனும் திருவுளம் பார்த்தலே இக்காலச் சட்டம். 1886-ஆம் ஆண்டில் ஆஷ்டன்-அண்டர்-லைன் தொகுதியில் இருவர் சமமாயினபோது, தேர்தலதிகாரி தம் வாக்கை ஒருவர்க்களித்து அவரை வெல்வித்தனர். அதிகாரியொருவர் அவ்வாறு செய்வதினும் சீட்டுக் குலுக்கலே நன்று.

தோற்றவர் நியாயமன்றம் சேறலும் உண்டு. 1997-ஆம் ஆண்டு மே மாதத்தில் வின்செஸ்டர் தொகுதியில் லிபரல் டெமாக்ரட் கட்சியின் மார்க் ஓட்டன், கன்ஸர்வேடிவ் உறுப்பினராயிருந்த ஜெரி மலோனை 2 வாக்கால் வென்றார். தம் கட்சிப் பெயரோடு மயங்கத்தக்க பெயர் பூண்டு நின்ற வேறொருவர் 600-க்கு மேற்பட்ட வாக்குகளைக் கவர்ந்தும் ஓட்டன் வென்றது வியப்பே. அலுவலர் முத்திரையிட மறந்தமையாற் சில சீட்டுக்கள் தள்ளப்பட்டன என்று மலோன் வழக்கிட, தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. நவம்பர் 20-ஆம் நாள் மறுதேர்தல் நடந்தது. இரண்டு வாக்கால் முன்னர் வென்ற ஓட்டன், இம்முறை 21,556 வாக்கு வேறுபாட்டால் வென்றார்! அத்தொகுதி மக்கள் தம் கருத்தை நீதிபதிகட்கும் விளங்கும்படி உரத்துக் கூறிவிட்டனர் போலும்.

இச்சிறு எண்கள் ஓர் ஊரளவில் நின்றுவிடுவனவல்ல. 1979-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் ஜேம்ஸ் காலகனின் மந்திரிசபைமீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 311-க்கு 310 என்னும் ஒரே வாக்கால் நிறைவேறிற்று. கடும் நோயுற்றிருந்த தொழிற் கட்சி உறுப்பினரொருவர் அன்று சபைக்கு வரக்கூடவில்லை. மந்திரிசபை வீழ்ந்து, பொதுத் தேர்தல் வந்து, மார்கரட் தாட்சர் அம்மையார் பிரதமரானார். யாதானும் ஓர் ஊசற்றொகுதி முந்திய தேர்தலில் மறுபுறம் சாய்ந்திருப்பின் அவ்விரவு வேறாயிருத்தல் கூடும்.

இம்முறையை மாற்றும் முயற்சியும் நடந்தது. வாக்காளர் அபேட்சகரை முதலாமவர், இரண்டாமவர் என வரிசையிட்டுக் குறிக்கும் முறையைப் பற்றி 2011-ஆம் ஆண்டு மே மாதத்தில் நாட்டு மக்களைக் கேட்டபோது, வாக்களித்தோருள் மூன்றில் இரு பங்கினர்க்கு மேல் வேண்டாவென்றனர். ஆகவே பழைய கணக்கு வழக்கே நிலைபெற்றது.

நம் நாட்டோடு தொடர்புடைய ஊசற்றொகுதி ஒன்றும் உண்டு. இந்திய தேசிய காங்கிரஸில் மும்முறை தலைமை வகித்த தாதாபாய் நவுரோஜி, 1886-இல் இலண்டன் ஹோல்பர்ன் தொகுதியில் நின்று தோற்றார். கறுப்பு மனிதரொருவரை ஆங்கில வாக்காளர் தேர்ந்தெடார் என்னும் கருத்துப்பட, அப்போது பிரதமராயிருந்த ஸாலிஸ்பரி பிரபு 1888-இல் மேடையிற் பேசினார். அப்பேச்சே நவுரோஜியின் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. 1892-இல் மத்திய பின்ஸ்பரித் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் நின்று, 5 வாக்கு வேறுபாட்டால் வென்றார். அவர் பெயரை உச்சரிக்க இடர்ப்பட்ட ஆங்கிலர், குறுகிய வேறுபாட்டைச் சுட்டி ‘நாரோ மெஜாரிட்டி’ என்று வேடிக்கையாக அழைத்தனர். சிவில் சர்வீஸ் பரீட்சையை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒருங்கே நடத்தவேண்டுமென்னும் தீர்மானம் 1893-இல் காமன்ஸ் சபையில் நிறைவேறியபோது அவர் அங்கிருந்தார். அரசாங்கத்தார் அத்தீர்மானத்தைச் செயற்படுத்தாது விட்டது வேறு கதை. 1895-ஆம் ஆண்டுத் தேர்தலில் நவுரோஜி தோல்வியுற்றார். அதே தேர்தலில் இலண்டனின் வடகிழக்குப் பெத்னல் கிரீன் தொகுதி மற்றோர் இந்தியரைச் சபைக்கு அனுப்பிற்று: மன்சர்ஜி பவநகரி என்னும் அவரும் நவுரோஜியைப் போலப் பார்ஸி வகுப்பினர், ஆனால் அவர் நின்றது கன்ஸர்வேடிவ் கட்சியின் சார்பில்.