திரும்பி வந்த கட்டுரை

உங்கள் மகனோ மகளோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் ஆய்வு செய்கிறாரா? அப்படியானால், ஒருநாள் அவர் வாடிய முகத்துடன் வீடு திரும்பக்கூடும். அவர் எழுதிய கட்டுரையை ஆங்கில ஆய்விதழ் ஒன்று ஏற்க மறுத்திருக்கும். அப்போது அவருக்கு ஹான்ஸ் கிரெப்ஸின் வரலாற்றைக் கூறுங்கள்.

ஜெர்மானியரான கிரெப்ஸ், 1933-இல் ஹிட்லர் ஆட்சியில் பணி பறிக்கப்பட்டு இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். உண்ட உணவு உயிரணுக்களில் ஆற்றலாக மாறும் சுழற்சியை ஷெஃபீல்டில் கண்டறிந்து, 1937-இல் லண்டன் 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். இடமில்லை என்று கட்டுரை திரும்பி வந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் ஹாலந்தின் 'என்சைமாலஜியா' இதழில் அதனை வெளியிட்டார். 1953-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஆங்கிலம் தாய்மொழி அல்லவே என்னும் தயக்கமும் வேண்டாம். ஆய்விதழ்கள் நாடுவது அலங்கார நடையை அன்று, தெளிவையே. ஏன் ஆய்ந்தோம், எவ்வாறு ஆய்ந்தோம், என்ன கண்டோம், அதன் பொருள் யாது என்னும் நான்கையும் வரிசையாக எழுதவேண்டும். மதிப்பிடும் அறிஞர்கள் குறை சுட்டினால், ஒவ்வொன்றுக்கும் பணிவுடன் விடையெழுதித் திருத்தி அனுப்பவேண்டும். ஒரே நேரத்தில் இரு இதழ்களுக்கு அனுப்புவது முறையன்று.

ஓர் எச்சரிக்கை! பணம் கட்டினால் சில நாள்களில் வெளியிடுகிறோம் என்றழைக்கும் போலி இதழ்கள் இன்று மலிந்துள்ளன. நேர்மையான இதழ்களிலும் கட்டணம் பெறுபவை உண்டு. ஆகவே, துறைப் பேராசிரியரிடம் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுங்கள். திரும்பி வந்த கட்டுரையை வேறிடத்திற்கு அனுப்பலாம். போலி இதழில் சிக்கிய கட்டுரையை மீட்பது அரிது.