பிரஷ்ஷே இல்லாமல் மரச் சொப்புக்கு வண்ணம் ஏறுவது எப்படி?

அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பிரஷ் இழுத்த கோடு தெரிகிறதா?

தெரியாது. அந்த வண்ணம் உருகி ஏறியது. அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினில் சாயம் கலந்து குச்சியாக்குவார்கள். கடைசலில் வேகமாகச் சுழலும் மரத்தின்மேல் அதை அழுத்தினால், உராய்வே சூட்டைக் கிளப்பும். தனியாக அடுப்பு எதற்கு? காய்ந்த தோசைக்கல்லில் தேய்த்த வெண்ணெய் போல அரக்கு இளகிப் பரவும். ஆறியதும் மரத்தோடு இறுகிக்கொள்ளும்.

பளபளப்பு? இதே முறையில் பொம்மை செய்யும் கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில், சுழலும் பொம்மைமேல் தாழை ஓலையை அழுத்துவார்கள். அரக்கு மறுபடி லேசாக இளகி, மேடுபள்ளம் மறையும். ஓலைக்கு இப்படி ஒரு வேலை!

அங்கே பிடித்த மரம் வெட்பாலை. வெளிர்நிறம், நெருக்கமான இழை. அதனால் பூசிய மஞ்சள், மஞ்சளாகவே தெரியும்.

சுடச்சுடக் காபி டம்ளரை மட்டும் அரக்குப் பூசிய மரத்தின்மேல் வைத்துவிடாதீர்கள். சூடு பட்டால் அரக்கு இளகி ஒட்டிக்கொள்ளும்.